சிற்றணைகளும் சமஷ்டி அநுமதிப்பத்திரமும்

ஓடும் நீரிலிருந்து மின்சாரம் எடுப்பது எவ்வாறு என்பதைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். நீரை உயரத்தில் தேக்கிக் குழாய் வழியே கீழே இறக்கிச் சுழலியின் இதழ்களில் மோதவிட்டால், சுழலி சுழலும்; அதனோடு பிணைந்த மின்னாக்கியும் சுழலும். ஆயின், அந்த நீரைத் தேக்கும் உரிமையை ஒருவருக்கு வழங்குபவர் யார், வழங்கிய உரிமையை மாற்றவும் மீட்கவும் வல்லவர் யார், அவ்வாறு மாற்றும்போது ஆற்றங்கரையில் வாழ்வோருக்கு நேர்வது யாது என்பன பொறியியல் நூல்களில் விடை காணப்படாத வினாக்கள். இவ்வினாக்களோடு ஐக்கிய அமெரிக்கா நூறு ஆண்டுகளுக்கு மேலாக மல்லாடி வருகின்றது. பேரணைகளின் கதையை நேயர்கள் பலவாறு கேட்டிருப்பர். இன்று நாம் எடுத்துக்கொள்வது சிற்றணைகளின் கதை. ஐந்து மெகாவாற்றுக்கும் குறைந்த வலுவுடைய ஓர் அணை எந்தப் பத்திரத்தின் கீழ் நிற்கின்றது என்பது, கச்சேரிக் கோப்புகளுக்குள் அடங்கிவிடும் விடயமாகத் தோன்றலாம். அஃது அவ்வளவில் அடங்குவதன்று.

அமெரிக்காவில் ஆற்று நீரால் மின்சாரம் ஆக்கும் தொழில் 1882 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. விஸ்கொன்சின் மாநிலத்து அப்பிள்ற்றன் நகரில், பொக்ஸ் ஆற்றின்மீது அவ்வாண்டு செப்டெம்பர் மாத இறுதியில் ஒரு சிறு நிலையம் இயங்கலாயிற்று. அதன் பின்னர், மா அரைக்கவும் மரம் அறுக்கவும் நூல் நூற்கவும் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்த ஆலை அணைகள் பலவற்றில் மின்னாக்கிகள் ஏறின. படகு செல்லத்தக்க ஆற்றில் அணை கட்ட விரும்பியவர், ஒவ்வோர் அணைக்கும் காங்கிரஸ் சபையின் இசைவைத் தனித்தனியே பெறவேண்டியிருந்தது. ஆறு வாணிகப் பாதை. மாநிலங்களுக்கிடையே நடைபெறும் வாணிகத்தை ஒழுங்கு செய்யும் அதிகாரம் சமஷ்டி அரசாங்கத்துக்கு உரியது. ஆதலின் ஆற்றை மறிப்பவர் சமஷ்டி அரசாங்கத்தின் வாயிலிலேயே நிற்றல் வேண்டும் என்பது அதன் நியாயம்.

1920 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஜனாதிபதி வூட்ரோ வில்சன் கையொப்பமிட்ட சமஷ்டி நீர்வலுச் சட்டம் இம்முறையை மாற்றியது. அணை ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம் என்பது போய், அநுமதிப்பத்திரம் வழங்க ஓர் ஆணைக்குழு வந்தது. யுத்தம், உள்நாடு, விவசாயம் ஆகிய மூன்று பகுதிகளின் காரியதரிசிகளே முதலில் அதன் அங்கத்தவர். இவர்களுக்கு வேறு வேலைகள் தலைக்கு மேல் இருந்தமையால், 1930 இல் அது சுயாதீனமான ஐவர் குழுவாகத் திருத்தப்பட்டது. 1935 இல் அச்சட்டம் சமஷ்டி மின்வலுச் சட்டத்தின் முதற் பாகமாயிற்று. 1977 இல் சமஷ்டி எரிசக்தி ஒழுங்காக்கல் ஆணைக்குழு அதன் இடத்தைப் பிடித்தது. இனி இதனை ஆணைக்குழு என்றே சுட்டுவோம்.

1920 ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர் ஒரு சிறு வாசகத்தில் இருந்தது: அநுமதிப்பத்திரம் 50 ஆண்டுக்கு மேற்படலாகாது. ஆறு பொதுச் சொத்து. அதனை ஒருவருக்கு நெடுங்காலம் குத்தகைக்கு விடலாமேயன்றி, விற்றுவிடலாகாது என்பது அதன் கருத்து. தவணை முடிந்ததும் அணையின் உடைமையாளர் மீண்டும் வந்து விண்ணப்பிக்க வேண்டும். அப்போது காலமும் மாறியிருக்கும், மக்களின் விருப்பமும் மாறியிருக்கும். மின்சாரத்துக்கு மட்டுமன்றி மீனுக்கும் வனசீவிகளுக்கும் பொழுதுபோக்குக்கும் சமமான கவனம் செலுத்த வேண்டும் என 1986 இல் காங்கிரஸ் சபை விதித்தது. 1930 களில் எவரும் கேளாத கேள்விகளை 1990 களில் விண்ணப்பித்தவர் கேட்கவேண்டியதாயிற்று.

இங்கேதான் சிறு நிலையத்தாரின் முறைப்பாடு எழுகின்றது. புதுப்பிக்கும் கருத்தைத் தவணை முடிவுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். விண்ணப்பத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் கையளிக்க வேண்டும். இடையில் மீன்வளப் பகுதி, நீர்த்தரப் பகுதி, தொல்பொருட் பகுதி, ஆதிக்குடிகள், படகோட்டிகள், அயலூரார் ஆகிய அனைவரோடும் கலந்தாலோசனை நடைபெறல் வேண்டும். நீர் எவ்வளவு வெப்பமாகின்றது, எத்தனை மீன்கள் சுழலியில் அகப்பட்டு மாள்கின்றன என்றெல்லாம் ஆராய்ச்சிகள் செய்யப்படும். நூறு மெகாவாற்று நிலையத்துக்கு இச்செலவு கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. ஒரு மெகாவாற்று நிலையத்துக்கோ அது பல ஆண்டு வருமானம். ஆற்றின் பார்வையில் மறிப்பு மறிப்பே. சிறியதென்பதால் மீனுக்கு வழி திறந்துவிடுவதில்லை. இரு பக்கமும் நியாயம் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இச்சிக்கலுக்குக் காங்கிரஸ் சபை கண்ட வழியே விதிவிலக்கு என்பது. 1973 ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், கைவிடப்பட்டுக் கிடந்த ஆலை அணைகள் மீது அமெரிக்கரின் கண் விழுந்தது. 1978 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சிறு உற்பத்தியாளரின் மின்சாரத்தை மின்சாரக் கம்பனிகள் கட்டாயம் வாங்க வேண்டும் என்றது. அதே மின்சாரத்தைக் கம்பனி தானே ஆக்கினாலோ வேறிடத்தில் வாங்கினாலோ ஆகும் செலவே அதற்குரிய விலை என ஆயிற்று. 1980 இல் மற்றொரு சட்டம், முன்னரே கட்டப்பட்டுள்ள அணையில் 5 மெகாவாற்றுக்கு மேற்படாத நிலையம் அமைப்போரை அநுமதிப்பத்திரத்திலிருந்து விலக்கலாம் என ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கொடுத்தது. 2013 இல் அவ்வெல்லை 10 மெகாவாற்றாக உயர்த்தப்பட்டது. இவ்வழியே பல நூறு நிலையங்கள் விதிவிலக்குப் பெற்றன.

விதிவிலக்கு என்னும் சொல் கேட்போரை மயக்கக்கூடியது. அது கிடைத்தவுடன் ஆணைக்குழுவின் கையிலிருந்து தப்பிவிடலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. விதிவிலக்கும் ஆணைக்குழு வழங்கும் ஒரு கட்டளையே. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. மீறினால் அதுவும் பறிபோகும். அணையின் பாதுகாப்பைப் பொறுத்தவரை, உயர்ந்த அணைகளும் உடைந்தால் கேடு விளைக்கத்தக்க அணைகளும் தொடர்ந்து ஆணைக்குழுவின் பரிசோதகரைச் சந்தித்தே ஆகவேண்டும். அப்படியாயின் விலக்கப்படுவது யாது? முதன்மையாகத் தவணை. விதிவிலக்குக்கு முடிவுத் திகதி இல்லை. பேரப்பிள்ளைகள் காலத்திலும் புதுப்பிக்க வேண்டியதில்லை.

அநுமதிப்பத்திரம் பெற்ற ஒரு சிறு நிலையம் தன் நிலையை விதிவிலக்காக மாற்றிக்கொள்ள இயலுமா? இயலும், ஆனால் வாயிலில் ஒரு தடை உண்டு. சட்டத்தின் நோக்கம் புதிய மின்சாரம். பழைய மின்சாரத்துக்குச் சலுகை அளிப்பதன்று. ஆகவே, விதிவிலக்குக் கேட்பவர் புதிதாக ஏதேனும் வலுவை நிறுவவோ, இருக்கும் வலுவைக் கூட்டவோ வேண்டும். உள்ளதை உள்ளபடி வைத்துக்கொண்டு பத்திரத்தை மட்டும் மாற்றுதல் ஆகாது.

இங்கே சிறு நிலையத்தாரின் கெட்டித்தனம் வெளிப்படுகின்றது. பல பழைய நிலையங்களில் அணைக்கு மேலே நீரை வாய்க்காலில் திருப்பி, சற்றுத் தொலைவில் உள்ள மின்மனைக்குக் கொண்டுசெல்வர். அணைக்கும் மின்மனைக்கும் இடைப்பட்ட ஆற்றுப்படுக்கை கோடையில் கல்லும் மணலுமாகக் காய்ந்து கிடக்கும். அந்தப் படுக்கையில் எந்நாளும் குறைந்தது இவ்வளவு நீர் ஓடவேண்டும் என மீன்வளப் பகுதியார் விதிப்பர். அவ்வாறு விடப்படும் நீர் உடைமையாளரின் கணக்கில் நட்டம். ஆனால் அந்நீர் விழும் அணையின் அடியில் ஒரு சின்னஞ்சிறு சுழலியை வைத்துவிட்டால், நட்டத்தில் ஒரு பகுதி மின்சாரமாகத் திரும்பி வரும், வலுவும் கூடிவிடும், விதிவிலக்குக்கான தகுதியும் கிடைத்துவிடும். மீனுக்கு நீர், உடைமையாளருக்கு மின், ஆணைக்குழுவுக்குச் சட்டத்தின் நிறைவு. இதுபோல் எல்லோர்க்கும் ஏதோ ஒன்று கிடைக்கும் ஏற்பாடுகள் இத்துறையில் அருமை.

ஆயினும் இந்த மாற்றத்தில் இழப்பும் உண்டு. அநுமதிப்பத்திரம் உடையவருக்குச் சட்டம் ஒரு வலிய ஆயுதத்தை வழங்குகின்றது. திட்டத்துக்கு வேண்டிய நிலத்தை அயலார் விற்க மறுத்தால், நீதிமன்று சென்று காணியைச் சுவீகரித்துக்கொள்ளலாம். விதிவிலக்கு உடையவருக்கு அவ்வாயுதம் இல்லை; வேண்டிய தனியார் காணியுரிமை முழுவதும் அவர் கையில் முன்னரே இருக்க வேண்டும். இதனினும் பெரியது இன்னொன்று. அநுமதிப்பத்திர முறையில் மீன்வளப் பகுதியார் கூறும் பரிந்துரைகள் பலவற்றை ஆணைக்குழு எடைபோட்டு, சட்டத்தின் நோக்கத்தோடு முரண்படுவனவற்றை ஒதுக்கலாம். விதிவிலக்கில் அந்த எடைபோடுதல் கிடையாது. சமஷ்டி மீன்வளப் பகுதியும் மாநில மீன்வளப் பகுதியும் விதிக்கும் நிபந்தனைகள் அப்படியே கட்டளையில் ஏறும். தவணையிலிருந்து விடுபட விரும்புபவர், நடுவரை விட்டு விலகி, மீனின் வழக்கறிஞரிடமே தம்மை ஒப்புக்கொடுக்கின்றார் என்றாலும் பொருந்தும். ஆதலின் ஆலோசனை பெறாது இவ்வழியில் இறங்கியவர் பின்னர் வருந்தவும் கூடும்.

இதுவரை கூறியது உடைமையாளர் தாமாக விரும்பும் மாற்றம். அவர் விரும்பாத மாற்றங்களும் உண்டு. அவற்றுள் பெயர்பெற்றது மேய்ன் மாநிலத்து எட்வேட்ஸ் அணையின் வழக்கு. ஓகஸ்தா நகரில் கென்னபெக் ஆற்றுக்குக் குறுக்கே 1837 இல் அவ்வணை கட்டப்பட்டது. அதன் மின்வலு மூன்றரை மெகாவாற்று. மாநிலத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் அடைபட்டதோ, கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறும் மீன்களின் பாதை. அநுமதிப்பத்திரம் 1993 இல் காலாவதியாயிற்று. உடைமையாளர் புதுப்பிக்கக் கேட்டார். மீன்களுக்கு வழி அமைப்பதற்கு ஆகும் செலவு அணையை அகற்றும் செலவினும் மிகுதி எனக் கண்ட ஆணைக்குழு, 1997 நவம்பரில் புதுப்பிக்க மறுத்து, அணையை அகற்றுமாறு கட்டளையிட்டது. உடைமையாளரின் விருப்பத்துக்கு மாறாக அகற்றக் கட்டளையிட்டது அதுவே முதல் தடவை. மறு ஆண்டில் உடன்படிக்கை ஏற்பட்டு, அணை மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அகற்றுவதற்குரிய பணத்தை ஒரு கப்பற் பட்டறையும் ஆற்றின் மேற்பகுதி அணைகளின் உடைமையாளரும் கொடுத்தனர். அவர்களுக்கும் அதில் அநுகூலம் இருந்தது. மேலே உள்ள அணைகளில் மீன்வழி அமைக்க அவர்களுக்குத் தவணை நீடிக்கப்பட்டது.

1999 யூலை 1 ஆம் திகதி அணையின் ஒரு பக்கம் வெட்டித் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 17 மைல் ஆறு, 162 ஆண்டுகளுக்குப் பின் தடையின்றி ஓடலாயிற்று. நம் சூடை மீனின் உறவினமான ஏல்வைவ் என்னும் மீன், பின்னர் அதன் கிளையாறான செபாஸ்திக்கூக்கிலும் ஓர் அணை அகற்றப்பட்டதும், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் ஏறத் தொடங்கியது. பத்திரத்தின் தவணை என்னும் ஏற்பாடு இல்லாதிருந்தால், அக்கேள்வியை எழுப்புவதற்கே ஒரு நாள் வந்திராது.

மூன்றாவது வகை மாற்றம் தண்டனையாக வருவது. அநுமதிப்பத்திரத்தை ஆணைக்குழு தானே இரத்துச் செய்வது. இஃது அரிதாகவே நிகழும். நிகழ்ந்தபோது விளைந்ததைச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும்.

மிச்சிகன் மாநிலத்தில், திட்டபவாசி ஆறும் தொபாக்கோ ஆறும் கூடுமிடத்தில், 1920 களின் நடுவில் கட்டப்பட்டது ஈடன்வில் அணை. மண்ணால் ஆன கரை; ஏறக்குறைய 54 அடி உயரம்; மின்வலு 4.8 மெகாவாற்று. அதற்கு மேலே இரண்டு அணைகளும் கீழே சான்போர்ட் என்னும் ஓர் அணையும் இருந்தன. அணை தேக்கிய ஏரியின் கரையில் வீடுகளும் படகுத்துறைகளும் பெருகியிருந்தன. 1998 இல் அதற்குச் சமஷ்டி அநுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. அப்பொழுதிருந்தே ஆணைக்குழுவின் முதன்மையான குறை இது: வான்கதவுகள் போதா. நிகழத்தக்க மிகப் பெரிய வெள்ளத்தில் ஏறக்குறையப் பாதியையே அவை வெளியேற்றும். முழுவதையும் வெளியேற்றும்படி பெருப்பிக்க வேண்டும் என்பது ஆணைக்குழுவின் விதி. அணை கைமாறியது, கடிதங்கள் போயின, தவணைகள் கேட்கப்பட்டன, ஆண்டுகள் கடந்தன, வான்கதவு பெருக்கவில்லை. பணம் இல்லை என்றனர் உடைமையாளர்.

2017 நவம்பரில், மின்சாரம் ஆக்குவதை நிறுத்துமாறு ஆணைக்குழு கட்டளையிட்டது. 2018 செப்டெம்பர் 10 ஆம் திகதி அநுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்தது.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஆணைக்குழுவின் அதிகாரம் அணையைப் பற்றி வந்ததன்று. மின்சாரத்தைப் பற்றி வந்தது. மின்சாரம் நின்று, பத்திரமும் போனபின், அதே அணை, அதே ஆறு, அதே மக்கள். ஆனால் ஆணைக்குழுவுக்கு அங்கே வேலை இல்லை. பொறுப்பு மாநில அரசாங்கத்துக்குச் சென்றது. மாநிலத்தின் விதியோ வேறு. மிகப் பெரிய வெள்ளத்தின் பாதியை வெளியேற்றினால் அதற்குப் போதும். சமஷ்டி அரசாங்கம் குறையென்று பத்திரத்தைப் பறித்த அந்த அளவு, மாநிலத்தின் கணக்கில் ஏறக்குறையத் தேறிவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அணைகளைப் பார்ப்பதற்கு அம்மாநிலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சில பொறியியலாளரே இருந்தனர். பிடிவாதமாக மறுத்தவரைத் தண்டிக்க எடுத்த கோல், கடுமையான காவலாளியை அகற்றி இளகிய காவலாளியை வைத்தது. அதோடு, திருத்த வேலைக்குப் பணம் தரக்கூடிய மின்சார வருமானத்தையும் நிறுத்தியது. ஆணைக்குழுவுக்கு வேறு வழி இருந்ததா என்பது வாதத்துக்குரியது. கட்டளையை மீறுபவர் பத்திரத்தை என்றென்றும் வைத்திருக்க விடுவதும் முறையன்று. உடைமையாளர் தாமாகப் பத்திரத்தை ஒப்படைக்கும்போது, அணையைப் பாதுகாப்பான நிலையில் விட்ட பின்னரே ஒப்படைப்பு நிறைவேறும் என ஆணைக்குழு நிபந்தனை விதிக்கலாம். இரத்து என்பது கதவை அறைந்து சாத்துவது போன்றது. சாத்தியபின் உள்ளே நடப்பதைக் கேட்க இயலாது.

2020 ஏப்ரில் 30 ஆம் திகதி மாநில அரசாங்கம் அணையின் உடைமையாளர் மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு வான்கதவைப் பற்றியதன்று. முந்திய ஆண்டுகளில் ஏரியின் நீர்மட்டத்தை இசைவின்றித் தாழ்த்தியமையால் நன்னீர்ச் சிப்பிகள் மாண்டன என்பதே முறைப்பாடு. மூன்று வாரம் ஆகுமுன் மழை கொட்டியது. மே 19 ஆம் திகதி மாலை, ஏரி முன்னெப்போதும் எட்டாத மட்டத்துக்கு ஏறியிருந்தது. நீர் கரையின் உச்சியைத் தாண்டவில்லை. தாண்டுமுன்பே, கரையின் ஒரு பகுதி சில விநாடிகளில் முன்னோக்கிச் சரிந்து பாய்ந்தது. அயலில் நின்ற ஒருவர் அதனைப் படம் பிடித்திருந்தார். பின்னர் ஆராய்ந்தவர்களுக்கு அப்படம் பெருஞ் சான்றாயிற்று. அன்றே கீழிருந்த சான்போர்ட் அணையும் வெள்ளம் மேவி உடைந்தது. மிட்லண்ட் நகரில் ஆறு 35 அடி மட்டத்தை எட்டியது. அந்நகரத்துப் பதிவுகளில் அதுவே உச்சம். ஏறத்தாழ 10,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். காலத்தில் வெளியேற்றியமையால் உயிர்ச்சேதம் இல்லை. வீடுகளும் பாலங்களும் போயின. ஏரிக்கரை வீடுகள் சேற்று வெளியை நோக்கி நின்றன.

2022 மே மாதத்தில் சுயாதீன ஆராய்ச்சிக் குழு இறுதி அறிக்கையை வெளியிட்டது. கரையின் உள்ளே ஒரு பகுதி, கட்டிய காலத்திலேயே இறுகத் திமிசு போடப்படாத தளர்ந்த மணலாக இருந்தது. நீர் ஏற ஏற அம்மணல் ஊறி, சுமை தாளாமல், ஒரு கணத்தில் குழம்புபோல் இளகிவிட்டது. இத்தகைய பலவீனம் அக்கரையில் இருப்பதாக எவரும் கருதவில்லை. இருபது ஆண்டுகள் வான்கதவைப் பற்றியே வழக்காடினர்; உடைந்ததோ வான்கதவில் அன்று. எனினும், வான்கதவு பெரிதாக இருந்து நீர் அந்த மட்டத்துக்கு ஏறாதிருந்தால், அந்த மணல் இன்னும் பல ஆண்டுகள் சுமை தாங்கி நின்றிருக்கவும் கூடும். ஆகவே ஆணைக்குழுவின் கோரிக்கை வீண் என்று கூறிவிட இயலாது.

உடைமையாளரான கம்பனி 2020 யூலை மாதத்திலேயே வங்குரோத்து மனுச் செய்தது. 2021 இல் ஆணைக்குழு அதற்கு 1 கோடி 50 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. கையில் ஒன்றுமில்லாதவருக்கு எவ்வளவு தண்டம் விதித்தென்ன என்று அப்பகுதி மக்கள் கேட்டிருப்பின் வியப்பில்லை. ஏரிகளைச் சார்ந்த இரு மாவட்டங்களின் மக்கள் நான்கு அணைகளையும் தம் பொறுப்பில் ஏற்று, மீண்டும் கட்டும் பணியைத் தொடங்கினர். ஏரிக்கரைக் காணிக்காரர் தம் வரியால் அதில் ஒரு பங்கைச் சுமக்கின்றனர். இம்முறை அணைகள் கட்டப்படுவது ஏரிக்காக. மின்சாரம் ஆக்குவது அத்திட்டத்தில் இல்லை. மின்சாரம் ஆக்காத அணைக்குச் சமஷ்டி அநுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. அதனைப் பார்க்கும் பொறுப்பு மாநிலத்தின் பொறியியலாளருடையதே.